முடிச்சு இறுக்கும் கொக்கி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய மூட்டுவலிக்குத்தான் எங்களை விட்டுப் போக மனம் வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அழ ஆரம்பித்தால் நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறேன். போன வாரம் அப்படித்தான், வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், நீயும் மறுநாளே டிக்கெட் எடுத்துவிட்டாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

படியில் வழுக்கி விழுந்து என் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிப்பு இழந்து ஐந்து மாதம் ஆகிறது. எழுதலாம், தலை வாரலாம், பழைய பலம் மட்டும் திரும்பாது என்று டாக்டர் சொன்னதுதான் உனக்குத் தெரியுமே. இருபத்தாறு வருஷமாகத் தூண்டில் சாமான் கடைக்கு முள் கட்டிக் கொடுக்கிறவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் நன்றாக யோசித்துப் பார்த்தால், முள்ளின் காதில் நைலான் நூலைக் கோர்த்து முடிச்சுப் போட மற்ற விரல்களே போதும், கடைசியில் இழுத்து இறுக்கத்தான் பலம் வேண்டும். இதைச் சொன்னதும் உன் அப்பா படகுப் பட்டறையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை நுனி வளைத்துக் கொண்டுவந்தார். நான் சும்மா வீட்டில் இருந்தால் அவர் உயிரை எடுத்துவிடுவேன் என்ற பயம்தான், வேறென்ன. முதல் நாளே அது நழுவிப் பறந்து பீரோ கண்ணாடியை உடைத்தது. இரண்டாவதின் கைப்பிடி உலக்கை மாதிரி இருந்தது. மூன்றாவதுதான் சரியாக அமைந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் குறுக்குக் கட்டை, அதன் நடுவில் ஒரு விரல் நீளக் கம்பி, நூலைக் கீறாதபடி நன்றாக அரம் போட்ட கொக்கி. முள்ளை மேசையில் அடித்த ஆணியில் மாட்டி, நூலின் மறுமுனை வளையத்தில் கொக்கியைக் கோர்த்து முழங்கையால் பின்னுக்கு இழுத்தால் முடிச்சு நறுக்கென்று உட்காரும், விரலுக்கு வேலையே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை போ. ஆறே நாளில் இருநூற்று நாற்பது முள் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகியும் எல்லாரும் மீசை என்றே கூப்பிடுகிறார்களே, அந்தப் படகுக்காரர்தான் அவற்றை வாங்கிப்போனார். நாலாம் நாள் திரும்பி வந்து முள் இல்லாத நூல்களாக ஒரு கட்டைக் கடை மேசையில் போட்டார். எழுபதுக்குமேல் அறுந்திருந்தது, அத்தனையும் முடிச்சிலேயே. நான் அங்கேதான் நிற்கிறேன், என் முகத்தைப் பார்க்காமல் கடைக்காரரிடம் சொல்கிறார், “அக்காவுக்குக் கை போச்சு. இனிமே அவங்க கட்டுனது என் படகுல ஏறாது.” கடைக்காரரும் பூசி மெழுகி, ஓய்வு எடுங்கள் அக்கா, அடுத்த மாதத்திலிருந்து மெஷினில் கட்டியதையே வாங்கிக்கொள்கிறேன் என்றார். அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய்.

அறுந்த நூல்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். உன் அப்பாவின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் நுனியெல்லாம் வெளுத்துச் சுருண்டு கிடக்கிறது. கொக்கியில்தான் கோளாறு என்று அவர் அதை மறுபடி அரம் போடக் கிளம்பினார். நான் விடவில்லை. இரண்டு நாள் அந்த நூலோடே மல்லுக்கு நின்றேன். மூன்றாம் நாள், பழையபடி வெறும் கையால் ஒன்று கட்டித்தான் பார்ப்போமே என்று முடிச்சைப் போட்டேன், போட்டதும் என் கை தானாக அதை வாய்க்குக் கொண்டுபோனது. அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் இறுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு முடிச்சையும் நாக்கில் நனைத்திருக்கிறேன், அதுவும் வேலையில் ஒரு பாகம் என்று எனக்கே தெரியாது. கொக்கி வந்தபின் முடிச்சு மேசையை விட்டு எழும்பவே இல்லை. காய்ந்த நூலை வேகமாக இழுத்தால் ஒன்றோடொன்று உரசிச் சூட்டில் வெந்துபோகிறது, அறுந்துபோகாமல் என்ன செய்யும்?

பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, நனைத்து நனைத்துப் புதிதாக முப்பது கட்டினேன். எடுத்துக்கொண்டு நேராகப் படகுத்துறைக்குப் போனேன், உன் அப்பா வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தார். மீசையிடம் சொன்னேன், “கை போகல தம்பி. முடிச்ச நனைக்காம இறுக்கிட்டேன், அது என் தப்பு. இத நீங்களே இழுத்துப் பாருங்க.” அவர் பத்து நூலைப் பொறுக்கி எடுத்தார், படகு கட்டும் இரும்புக் குற்றியில் முள்ளை மாட்டினார், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உடம்பையே சாய்த்து இழுத்தார். எட்டு நூல் நடுவில் அறுந்தது, இரண்டில் முள்ளே நிமிர்ந்துவிட்டது. முடிச்சு ஒன்றுகூட அசையவில்லை. மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை, எழுபது முள்ளைக் கடலில் விட்டவர் அவர். இருநூற்று நாற்பதும் திரும்பக் கட்ட எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். எட்டு நாள் என்றேன். இன்று மூன்றாம் நாள், தொண்ணூறு முடிந்திருக்கிறது.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். டிக்கெட்டை இந்த வாரமே ரத்து செய்ய மறந்துவிடாதே. உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் அன்றைக்கு நான் வருகிறேன் என்று சொன்னது உன்மேல் இருந்த ஆசையால் இல்லையடி, கை போச்சு என்று மீசை சொன்னதை நானும் நம்பிவிட்டேன், அதனால் சொன்னேன். அந்த மாதிரி உன் வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்கு இஷ்டமில்லை. கட்டாயம் வருவேன். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று ஒரு நாள் தோன்றும், அன்றைக்கு நானே டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
முள் கட்டும் உன் அம்மா