ஜாஸ்தியாவுதா என்று கேட்ட கேள்வி

காடாம்புலியூர்,
14.6.2009

அன்பு மகன் செந்தமிழ்செல்வனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை இளமதி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், மஸ்கட் வெயில் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்க வேண்டும். இந்த வருஷம் முந்திரி பரவாயில்லை, பலாதான் பிந்திப் பழுத்தது. என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். சிதம்பரத்தில் காட்டினோம், வைத்தியம் பார்க்கிறார்கள். நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம்.

அண்ணா, இதுவரை அப்பா சொன்னது. மிச்சத்த நீயே எழுதிடும்மா, அந்தப் பேரெல்லாம் என் வாயில நுழையல என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்தில் நின்று அழுதுவிடுகிறார், அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். தை மாதம் தொடங்கி அப்பாவுக்குக் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, கண் இமை தொங்கியது, வாய் சும்மா சும்மா உலர்ந்தது. கடலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். வேலை செய்யச் செய்ய ஜாஸ்தியாவுதா என்று கேட்டார், அப்பா ஆமாங்க என்றார். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய், உழைக்க உழைக்கச் சோர்வு கூடும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் விழுங்கியும் கால் அப்படியேதான் இருந்தது, அதனால் சிதம்பரத்துக்குப் போனோம்.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் கொட்டகையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துதான் முந்திரி உடைக்கிறேன். அவருடைய சோர்வு எனக்கு விசித்திரமாக இருந்தது. முதல் பத்துக் கொட்டைக்கு மெஷின் கைப்பிடியை அவரால் அழுத்தவே முடியாது, அப்புறம் கொஞ்ச நேரம் மளமளவென்று உடைப்பார், பிறகு மறுபடி ஓய்ந்துவிடுவார். உத்திராபதி மாமா இதைப் பார்த்துவிட்டு, யோவ் மச்சான், ஒனக்கு செல்ஃப் எடுக்கல, தள்ளிதான் ஸ்டார்ட் பண்ணணும் போல என்பார், கொட்டகையே சிரிக்கும், அப்பாவும் சிரிப்பார். சிதம்பரத்து டாக்டரும் அதே கேள்வியை அதே மாதிரி கேட்டார், அப்பாவும் அதே மாதிரி ஆமாங்க என்றார். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. டாக்டர் கேட்பது சோர்வு கூடுகிறதா என்று, அப்பா சொல்வது வலு கூடுகிறது என்று. உனக்குத்தான் தெரியுமே, வெளியாள் முன்னால் எனக்கு வாயே திறக்காது. எப்படியோ, இல்ல சார், அப்பாவுக்கு வலுதான் ஜாஸ்தியாவுது, மொதல்லதான் வராது என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் சொல்லும்மா என்றார்.

அப்புறம் அப்பாவை உயரமான கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்து முழங்காலில் சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார், கால் அசையவே இல்லை. பத்து விநாடி காலைத் தம் பிடித்து நீட்டச் சொல்லிவிட்டு உடனே தட்டினார், கால் துள்ளியது. அண்ணா, அதை நீ பார்த்திருக்க வேண்டும். இது வேறு நோய் என்றார், பீடி எத்தனை வருஷம் என்று கேட்டார், அப்பா முப்பது என்றார். காலு வரலன்னு வந்தா நெஞ்சப் படம் புடிக்கச் சொல்றாங்க, இருமல்கூட இல்லியே என்று அப்பாவுக்குக் கோபம். படத்தில் வலது நுரையீரலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய்தான்.

நுரையீரல் கட்டி எப்படிக் காலைப் பிடித்தது என்று எனக்கு ஒரே யோசனை, டாக்டரிடமே கேட்டுவிட்டேன். கட்டியை எதிர்க்க உடம்பு ஒன்றைத் தயார் செய்கிறது, நரம்பின் நுனியும் அதே சாடையில் இருப்பதால் ஆள் தெரியாமல் அதையும் சேர்த்து அடிக்கிறது என்றார். அப்ப காப்பாத்த வந்ததுதான் அடிக்குதா சார் என்றேன். ஆமாம், ஆனா அது அடிச்சதாலதான் கட்டி சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சுது என்றார். ஊசி மருந்து ஆறு தவணை, வரும் இருபத்திரண்டாம் தேதி முதல் தவணை. இப்போதே ஆரம்பித்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது, உறுதி மட்டும் தர முடியாது என்றார். கட்டி கரையக் கரையக் காலும் தேறலாமாம்.

ஆனால் அப்பா ஊசி வேண்டாம் என்கிறார். கால் மட்டும் சரியானால் போதுமாம். நானும் அம்மாவும் சொன்னால், ரெண்டு பேரும் டாக்டருக்குப் படிச்சிட்டீங்களா என்கிறார். நீ நேரில் நின்று சொன்னால் தட்டமாட்டார். அதனால் வா அண்ணா. புதன்கிழமை மஸ்கட் திரும்பும் சிங்காரம் அண்ணன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், பார்த்ததும் போன் பண்ணு.

எழுதியதை அப்பாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன், வா என்று எழுதியதையும் சேர்த்து. முதலில் வர வேண்டாம் என்றதும் அடியில் வா என்றதும் இரண்டும் இருக்கட்டுமா என்று கேட்டேன். மேல இருக்கறத அடிச்சிடு என்றார். தாளில் அடித்தல் திருத்தல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், நீ அடித்துக்கொள்.

நேரத்துக்குத் தண்ணீர் குடி, பத்திரமாக வந்து சேர். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் சொல்கிறார்கள்.

இப்படிக்கு
உன் அப்பா
சா. கலியமூர்த்தி
(எழுதியது இளமதி)