உப்பு ஏறாத மீன்

மல்பே,
வியாழன் காலை.

அன்புள்ள அக்ஷதா அக்காவுக்கு, தங்கை சுப்ரீதாவின் வணக்கம். மும்பையில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா?

போனில் பேசினால் அம்மா காதில் விழும். எனக்கும் வாய் வராது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் படி.

கொரோனா ஊசி இரண்டு போட்டும் அம்மா ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் மாத்திரைகளே ஊசியின் வேலையையும் அமுக்கிவிடுகின்றன என்றார் டாக்டர். அடுத்த வாரம் மூன்றாவது ஊசி; ஆனாலும் கூட்டத்தில் சேரக் கூடாது, உன் சீமந்தத்திலும் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்றார். அம்மா அங்கே தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், "தலைப்பிள்ளைக்காரிக்குப் பெத்தவ பூ வைக்காம பக்கத்து வீட்டுக்காரியா வைப்பா?" என்று என்னிடம் சண்டை.

நேற்று மீனுக்கு உப்புப் போடும்போது அம்மாவின் காலைப் பார்த்தேன். வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. கேட்டதும் சிரித்தார். "ஏ பொண்ணே, ஐஸ்ல கெடக்கிற மீனுல உப்பு ஏறுமா? ஐஸை எடுத்தாத்தானே ஏறும்? அதான் மாத்திரையை நிறுத்திட்டேன். ஊசி ஏறட்டும், அப்புறம் முழுங்கிக்கிறேன்" என்றார். ஒரு வாரமாக நிறுத்தியிருக்கிறார், அக்கா. உன்னிடம் சொன்னால் பஞ்சுர்லி தெய்வத்தின் மேல் ஆணை என்றும் சொன்னார். ஆணையை மீறித்தான் எழுதுகிறேன். தெய்வம் என்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்று ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். முதலில் குரல் வராமல் வைத்துவிட்டேன். மறுபடி அழைத்துச் சொன்னேன். ஒரு வேளைகூட விடக் கூடாத மாத்திரை, உடனே கூட்டி வா, சிறுநீரகம் தப்புமா என்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றார் நர்ஸ். அம்மா எழுந்திருக்க மறுக்கிறார். "போனா படுக்க வெச்சிருவாங்க, சீமந்தம் போயிரும். வாயில்லாப் பூச்சி, நீ எனக்கு டாக்டரா?" என்கிறார்.

நீ சொன்னால் கேட்பார். திட்டாதே. உன் சிறுநீரகம் என்ற பேச்சையும் எடுக்காதே. சீமந்தம் வேண்டாம் என்று மட்டும் நீயே சொல்லிவிடு. பச்சைப் பட்டு எடுத்துவைத்து நீ எவ்வளவு ஆசையாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கேட்கிறேன்.

உனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது. படித்ததும் அம்மாவைக் கூப்பிடு, அக்கா. ஆட்டோ வாசலில் நிற்கிறது.

உன் தங்கை,
சுப்ரீதா