அம்பு ஒட்டிய கிண்ணங்கள்

வியாழன்

வானம் மூட்டம், மழை இல்லை. காற்று மட்டும். காயவைத்த தட்டுகளின் மேல் பக்கத்து நிட்டிங் யூனிட்டின் பஞ்சு.

காலையில் சூளை திறந்தேன். கிண்ணங்கள் ஐந்தும் பிழைத்துவிட்டன. ஈர மண்ணில் பனியன் துணியைச் சுற்றி அழுத்தி எடுத்தவை. வெளியே துணியின் பின்னல், உள்ளே என் கட்டைவிரல் தடங்கள். விளிம்பு எதிலும் நேராக இல்லை. நேராக இருக்க நான் விடவும் இல்லை.

நிவேதா போன். கோவை மட்கலைக் கண்காட்சியை நடத்தும் பெண். "மேடம், சுடறதுக்கு முன்னாடி போட்டோல அனுப்புன அதே அஞ்சு கிண்ணம் டேபிள்ல இருக்கணும். சனிக்கிழமை டீம் வந்து பார்ப்பாங்க. இல்லைன்னா உங்க இடத்த வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குக் குடுத்துருவாங்க."

இரண்டு முறை விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. இந்த முறை விடுவதாக இல்லை.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் ரிட்டயர் ஆகியும் சட்டைப்பையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். செக்கிங் செக்‌ஷன் பழக்கம். பனியனில் குறை எங்கே என்று காட்ட ஒட்டுவார்கள். இன்று இட்லித் துணியின் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டி என்னிடம் நீட்டினார். வாங்கி மடித்து வைத்தேன்.

வெள்ளி

வாங்க: மேசை விரிப்பு (வெள்ளை வேண்டாம்), முழங்கால் தைலம், பேனா.

பேக்கிங் தன் வேலை என்கிறார். "எத்தன கன்டெய்னர் ஏத்தி உட்டிருக்கறேன். நீ கடைக்குப் போயிட்டு வா டீச்சர்." கல்யாணமான நாளிலிருந்து டீச்சர்தான்.

திரும்பி வந்தால் இரண்டு பெட்டி, டேப் ஒட்டித் தயார். உள்ளே கட்டிங் வேஸ்ட் துணியால் மெத்தை போட்டிருக்கிறாராம். திறந்து பார்க்க நினைத்தேன். கட்டிக் கொடுத்த விடைத்தாளை அவிழ்க்கச் சொன்னால் ஒரு பிள்ளையின் முகம் எப்படிப் போகும்? விட்டுவிட்டேன்.

சனி, கோவை

மண்டபத்தில் புழுக்கம். மின்விசிறி எட்டாத மூலை. ஆனாலும் என் மேசை.

பெட்டிகளைப் பிரித்தேன். டம்ளர், தட்டு, ஜாடி. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். கிண்ணம் ஒன்றுகூட இல்லை.

போன்.

"ஏனுங்க, அந்த அஞ்சு கிண்ணம் எங்கீங்க?"

"அதா? ரிஜெக்‌ஷன்ல எடுத்து வெச்சுப் போட்டேன். வாய் கோணலு. ஒவ்வொண்ணுலயும் விரல் பதிஞ்சிருக்குது. அத வெச்சா உன்ற பேரு கெட்டுப் போகும் டீச்சர்."

வகுப்பில் செய்வதுபோல் ஓர் உதாரணம் சொன்னேன்.

"நாப்பது பிள்ளைக பேப்பரும் ஒரே மாதிரி வந்தா நான் என்னன்னு நெனைப்பேனுங்க?"

"காப்பி அடிச்சிருக்குதுகன்னு."

"அந்தக் கிண்ணம் காப்பி இல்லீங்க."

அந்தப் பக்கம் அட்டைப்பெட்டியை இழுக்கும் சத்தம். பிறகு, "செரி, பஸ் ஏறறேன்."

நிவேதா வந்து பார்த்தாள். "இருக்கறத வெச்சு நிரப்பிடுங்களேன் மேடம். காலியா இருந்தா நல்லா இருக்காது."

"வேண்டாம் கண்ணு. நடுவுல அஞ்சு கிண்ணத்துக்கு எடம் இருக்கட்டும்."

டீமை எதிர் வரிசையிலிருந்து தொடங்கக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பெண்.

நடுவில் வெறும் விரிப்பு. வருகிறவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை.

டீம் எங்கள் வரிசைக்குள் திரும்பியபோது இவர் வாசலில். மடியில் வைத்தே கொண்டுவந்தாராம். வேட்டி முழுக்கப் பஞ்சு. அவசரமாகப் பிரித்தால் கிண்ணங்களில் சிவப்பு அம்புகள். விரல் தடம் இருந்த இடமெல்லாம் ஒன்று. இரண்டை உரிப்பதற்குள் வந்துவிட்டார்கள்.

கண்ணாடி போட்ட அம்மாள் ஒன்றை எடுத்தார். "இந்த அம்புக்குறி எதுக்கு?"

இவர் சொன்னார்: "இவங்க விரல் பட்ட எடமுங்க மேடம். என்ற கண்ணுல பட்டதுக்கெல்லாம் நாந்தான் ஒட்டிப் போட்டனுங்க."

அந்த அம்மாள் தன் கட்டைவிரலை அம்பு காட்டிய குழியில் வைத்தார். இரண்டு கையாலும் ஏந்திச் சிறிது நேரம் நின்றார். தாளில் டிக். அடுத்த மேசை.

இவர் காதருகில்: "பாஸா டீச்சர்?"

"பாஸுங்க."

ஞாயிறு

கால் வீக்கம். தைலம் தீர்ந்தது.

இவர் நாள் முழுக்க மேசையை விட்டு நகரவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "விரல இங்க வெச்சுப் பாருங்க சாமி". நாலு கிண்ணம் போயிற்று. மிகக் கோணலான ஒன்றை ஒருவர் கேட்டார். "அது குடுக்கறதுக்கு இல்லீங்க" என்றார் இவர், என்னைக் கேட்காமல்.

திங்கள்

தூறல். மண் ஊறப்போட்டேன்.

காலையில் அந்தக் கிண்ணத்தில்தான் கம்பங்கூழ் வேண்டுமென்றார். அம்பை உரிக்கப் போனேன். "இருக்கட்டும் டீச்சர்."

அடுத்த வருடத்துக்கும் பெயர் கொடுத்தாயிற்று. பேக்கிங் இவர்தான்.