"பாத்துக்கிறேன்" என்று சொன்ன அண்ணனுக்கு

அண்ணா,

நேற்று மத்தியானம் உன் அலுவலக நண்பர்கள் மூன்று பேர் திகனவில் நான் இருக்கும் வீட்டுக்கு வந்தார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகிறதல்லவா, அதற்காக. கையில் ஒரு காட்போட் பெட்டி. மூடியில் ஓட்டைகள் போட்டு, மேலே நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். பெட்டியைக் கதிரையில் வைத்த உடனேயே எனக்கு அந்த வாசனை தெரிந்துவிட்டது. பாலும் மூத்திரமும் கலந்த, பிறந்து சில வாரமேயான நாய்க்குட்டியின் வாசனை. நாலு வருஷத்துக்கு முன் பிலிமத்தலாவை வீட்டுக்குள் நீ நுழைந்தபோது உன் சட்டையில் அடித்த அதே வாசனை.

"அக்கா, அவருக்கு நாய்னா உயிர். அவரு ஞாபகமா இத நீங்க வளக்கணும்" என்றார் அவர்களில் தாடி வைத்தவர். இன்னொருவர் படம் எடுப்பதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் பெட்டியைத் திறக்கவில்லை. "பகல்ல இத யாரு பாக்குறது?" என்று கேட்டேன்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நீங்கதான் ஏற்கனவே ஜிம்மிய வச்சிருக்கீங்களே, அதோட இதுவும்..." என்று தாடிக்காரர் இழுத்தார்.

"ஜிம்மி எப்பிடி என்கிட்ட வந்துச்சுன்னு அவரு உங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

சொல்லவில்லை. நீ எப்படிச் சொல்லியிருப்பாய்? நான் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். ஊற்றி வைத்த தேநீரை யாரும் தொடவில்லை. கடைசியில், "செத்தவங்களப் பத்தி இப்பிடிப் பேசலாமா அக்கா" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். குட்டியை எடுத்த வீட்டிலேயே, அதன் தாயிடமே, கொண்டுபோய் விடச் சொல்லி அனுப்பினேன். விட்டுவிட்டோம் என்று சாயங்காலம் போன் வரும்வரை எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அவர்களிடம் சொன்னதை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. சண்டை போட்டேன், கத்தினேன். ஆனால் ஆரம்பத்திலிருந்து நடந்ததை நடந்தபடி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அம்மாவைப் பன்வில தோட்டத்தில் விட்டுவிட்டு, வேலைக்காக நாம் இரண்டு பேரும் பிலிமத்தலாவையில் வாடகைக்கு இருந்த காலம் அது. நீ போன் கம்பனியில் விற்பனைப் பிரிவு. நான் கண்டியில் ஒரு பாமசியில் நாள் முழுக்க நிற்கிற வேலை. உனக்குப் பதவி உயர்வு கிடைத்த அன்று சட்டைக்குள் குட்டியை வைத்துக்கொண்டு வந்தாய்.

"யாரக் கேட்டு வாங்கினே? ரெண்டு பேரும் விடிய முன்ன போறோம், இருட்டின பொறகு வாறோம். யாரு பாக்குறது?" என்றேன்.

"நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

ஒரு வாரம் பார்த்தாய். அந்த ஒரு வாரத்தில் நீ எடுத்த படங்கள்தான் இன்றும் எல்லார் போனிலும் இருக்கின்றன. மார்போடு அணைத்து, மூக்கோடு மூக்கு வைத்து, உன் தொப்பியை அதன் தலையில் கவிழ்த்து. அதற்குப் பிறகு நாலரைக்கு எழும்பி அதன் இடத்தைக் கழுவியது நான். மீன் தலை போட்டுச் சோறு அவித்தது நான். ஊசி போட வரிசையில் நின்றதும், காதுக்குள்ளிருந்து உண்ணி பிடுங்கியதும் நான். நீ வேலை முடிந்து வருவாய். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே அது சங்கிலியை அறுத்துவிடுவது போலக் குதிக்கும். ஐந்து நிமிஷம் கொஞ்சுவாய். பிறகு போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்வாய். அந்த ஐந்து நிமிஷத்துக்காக அது பன்னிரண்டு மணிநேரம் குசினிக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது. அப்போதும் நான் உன்னிடம் கேட்டிருக்கிறேன், நேரமில்லாதவன் ஏன் ஒரு உயிரை வாங்கினாய் என்று. "வேலை செய்யாம இருக்க ஏலுமா? ஊர்ல எல்லாரும் இப்பிடித்தான் வளக்கிறாங்க" என்பாய்.

பிறகு எங்கள் முதலாளி திகனவில் இன்னொரு கடை திறந்து, பொறுப்பை என்னிடம் கொடுத்தார். தினமும் பிலிமத்தலாவையிலிருந்து போய்வர முடியாது. கடைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் பின்பக்கம் இரண்டு அறை எடுத்தேன். அந்த வீட்டு அம்மாவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஜிம்மியை அழைத்துவரலாமா என்று ராத்தாவிடம் நான் கேட்கவே இல்லை. அவர்கள் நாய் வளர்க்க மாட்டார்கள், அதனால் கேட்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. இனியாவது உனக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். ஒரு நாய் என்றால் எவ்வளவு வேலை என்று நீ தனியாக இருந்து பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். உனக்குப் பாடம் படிப்பிக்க நான் பணயம் வைத்தது உன் உடம்பை அல்ல, அதன் உடம்பை. இதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

நாலு மாதம் போனது. வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா, அதோடு சனி ஞாயிறு சேர்ந்து வந்த ஒரு லீவுக்கு முந்தின நாள், கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் போன் எடுத்தாய்.

"நாளைக்கு ஆபிஸ் பசங்களோட திருகோணமலை போறேன் தங்கச்சி. ஜிம்மியக் கொஞ்சம் பாத்துக்க."

"முடியாது அண்ணா. நாய் உன்னோடது. ஒரு ஆள ஏற்பாடு பண்ணிட்டுப் போ."

"சரி சரி, நான் பாத்துக்கிறேன்."

அந்தச் சொல்லின் பெறுமதி எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் போனை வைத்தேன். வெள்ளிக்கிழமை நீ கடலில் நிற்கிற படம் வந்தது. சனிக்கிழமை எல்லாரும் மீன் சுடுகிற படம் வந்தது. யாரை ஏற்பாடு செய்தாய் என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. ஞாயிறு காலை கடை திறந்து அரை மணிநேரம்கூட என்னால் நிற்க முடியவில்லை. கூட வேலை செய்யும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கண்டிக்கு பஸ் எடுத்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பிலிமத்தலாவைக்கு வந்தேன்.

பின்பக்கக் கேட்டைத் திறந்தபோது குரைப்புச் சத்தம் இல்லை.

சங்கிலி தண்ணீர்த் தாங்கியின் இரும்புக் காலைச் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஒரு முழ நீளந்தான் மிச்சமிருந்தது. நீ நிறைத்து வைத்த பெரிய சட்டி அதற்கு எட்டாத தூரத்தில் இருந்தது. சோற்றின் மேல் எறும்பு. தண்ணீர்ப் பேசின் கவிழ்ந்து காய்ந்து கிடந்தது. தலைக்கு மேலே தாங்கி நிறையத் தண்ணீர். வெயில் சீமெந்துத் தரையில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஜிம்மி ஒருக்களித்துக் கிடந்தது. கழுத்துத் தோல் உரிந்து பட்டியோடு ஒட்டியிருந்தது. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பியது. பிறகு வாலை ஒருதடவை, ஒரே ஒருதடவை, தரையில் தட்டியது.

அண்ணா, அது என்னைக் கடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விரலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அதன் நாக்கில் வைத்துக்கொண்டே உனக்குப் போன் எடுத்தேன். நாலாவது தடவைதான் எடுத்தாய். பின்னால் பாட்டுச் சத்தம்.

"மூணு நாளைக்குச் சாப்பாடு வச்சிட்டுத்தானே வந்தேன்" என்றாய். நான் இன்னும் ஒரு துளியை அதன் நாக்கில் வைத்தேன். "நீ எப்பிடியும் போவேன்னு நெனச்சேன்" என்றாய்.

அந்த ஒரு வசனத்தை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். நான் போவேன் என்று நீ நினைத்தாய். நீ ஆள் வைப்பாய் என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் மற்றவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். நடுவில் அது வெயிலில் கிடந்தது.

பக்கத்துக் கடைக்காரரின் த்ரீவீலில் ஏற்றிப் பேராதனைப் பக்கம் வீட்டிலேயே பார்க்கிற ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். வயதானவர். சேலைன் ஏற்றிவிட்டு, கழுத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டே, "இது யாருடைய நாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அதட்டல் இல்லை, வெறுப்பு இருந்தது. உன் பெயரைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"என்னோடது டொக்டர்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "படிச்ச பிள்ளை மாதிரி இருக்கிறீங்க" என்று மட்டும் சொன்னார். உனக்குக் கிடைக்கவேண்டிய அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். எனக்கும் அது உரியதுதான்.

ஜிம்மி பிழைத்தது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது, உயிரோடு இருக்கும்வரை மாத்திரை கொடுக்கவேண்டும், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்றார். அதைத் திகனவுக்கே கொண்டுவந்தேன். கேட்காமல் கொண்டுவந்துவிட்டு, ராத்தாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலில் நின்றேன். அவர் அதன் கழுத்தைப் பார்த்தார்.

"யா அல்லாஹ். யாரு புள்ள இத இப்பிடிச் செஞ்சது?"

"நாங்கதான் ராத்தா."

"பின்பக்கம் வெச்சுக்கங்க. நான் தொழுவுற ஆள், தொட மாட்டேன். ஆனா நீங்க கடைக்குப் போனா தண்ணிக்கு நான் பொறுப்பு" என்றார். அன்றிலிருந்து பகலில் மூன்று தடவை, கதவிடுக்கால் நீளக் குழாயை விட்டு அதன் பேசினை நிறைப்பது அவர்தான். ஜிம்மியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை, கொஞ்சியதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை. ஒருநாளும் தண்ணீர் வைக்க மறந்ததும் இல்லை. நாய் என்றால் உயிர் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியது நீ.

அடுத்த ஞாயிறு நீ வந்தாய். கையில் ரப்பர் பந்து. சண்டைக்குத் தயாராக நான் வாசலில் நின்றேன். ஆனால் உன் சத்தம் கேட்டதும் ஜிம்மி தடுமாறித் தடுமாறி எழும்பிவந்து உன் காலடியில் படுத்தது. நீ அழுதாய். "மறந்துட்டேன் தங்கச்சி, வேலைல தலை சுத்துது" என்றாய். "டார்கெட்ட மறந்தியா? மீட்டிங்க மறந்தியா? இத மட்டும் எப்பிடி மறந்தே?" என்று கேட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் வந்து அதைக் குளிக்க வார்த்தாய். மூன்றாவது ஞாயிறு, வேலை இருக்கிறது என்று மெசேஜ் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

அப்படியே இரண்டு மூன்று மாதம். பிறகு ஒருநாள் கடைக்குப் போன் எடுத்துக் காய்ச்சலுக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டாய். எத்தனை நாளாக என்றேன். "நாலு நாள் இருக்கும். வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கேன்."

"அண்ணா, ஊரெல்லாம் டெங்கு. இப்பவே போய் ரத்தம் சோதிச்சுப் பாரு."

"பாத்துக்கிறேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கடையை விட்டு இறங்கினேன். இந்தத் தடவை நான் வீம்பு பிடிக்கவில்லை. நான் வந்து கதவைத் தட்டியபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாய். மடிக்கணினி கட்டிலில் திறந்தே கிடந்தது. ஜிம்மியை வைத்திருந்தது போலத்தான் உன் உடம்பையும் நீ வைத்திருந்தாய்.

ஆஸ்பத்திரி வார்டில் இரண்டாம் நாள் பின்னேரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"நீ இங்க இருக்கே. ஜிம்மி யாருகிட்ட?"

மூன்று வருஷத்தில் நீ முதல்முறையாக அதைக் கேட்டாய். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

"ராத்தா தண்ணி வைப்பாங்க. மாத்திரைக்கு நான் போய்ட்டு வாறேன்."

"அவங்க தொட மாட்டாங்களே."

"தொட வேண்டாம். தண்ணி வச்சா போதும்" என்றேன்.

உனக்குக் குத்தவேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். குத்தியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். இரவு உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதன்பிறகு நாம் பேசவில்லை.

அம்மா இப்போதும் கேட்கிறாள்: "அவன் மேல இன்னும் கோவமா இருக்கியா? அந்த நாயே மறந்துருச்சு, நீ மறக்கக் கூடாதா?" நாய் மறந்துவிட்டது உண்மைதான். ரோட்டில் எந்த மோட்டார் சைக்கிள் போனாலும் காதைத் தூக்குகிறது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் கூடுகிறது. அது மறந்ததால் நாம் செய்தது இல்லை என்று ஆகிவிடுமா? வார்டில் உன்னிடம் அப்படிச் சொன்னதற்காக நான் வருந்துகிறேன். சொன்னது பொய் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

வருகிற போயாவுக்கு ராத்தா மகள் வீட்டுக்குப் போகிறார். மூன்று நாள். கடையில் எல்லாரும் சேர்ந்து நுவரெலியா போக ஏற்பாடு. நான் வரவில்லை என்றேன். "ஒரு நாய்க்காகவா புள்ள?" என்று முதலாளி சிரித்தார். "ஆமா சேர், நாய்க்காகத்தான்" என்றேன். ஆசையோடு சொல்லவில்லை. எனக்கும் குளிரில் நடக்க, நாலு பேரோடு சிரித்துப் பேச விருப்பம் இருக்கிறது. உடம்பு அலுப்பாக இருக்கிறது, சில நாள் அதன்மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஆனாலும் காலையில் நாலரைக்கு எழும்பிவிடுகிறேன். பாசம் எழுப்பினால் நன்றாக இருந்திருக்கும். என்னை எழுப்புவது உன்மேல் இருக்கிற கோபம். அது ஒருநாளும் பிந்துவதில்லை, அண்ணா.

உன் தங்கச்சி