சோதனைக்காக எழுதிய வரி

கும்மிடிப்பூண்டி
25.10.2004

அன்புள்ள மச்சான் நியாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கை அஃப்ஸானாவும் நலம். பழவேற்காட்டில் மாமி ஒரு நோன்புகூட விடவில்லையாம். கம்ப்யூட்டர்காரன் எதற்குப் பேனா பிடிக்கிறான் என்று கேலி செய்வாய். கம்பெனி மெயிலை மேனேஜர் படிக்கிறார், வேறு வழியில்லை.

தகடு வெட்டும் மெஷினுக்கு நாம் இருவரும் டாஸில் புரோகிராம் எழுதிய வருடம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வரியைக் குறைக்க முடியுமா என்று புதுவாயலில் பஸ் மாறும்போதுகூடச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஒரு நேரத்தில் ஒரே வேலை. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. இப்போது விண்டோஸைத் திறந்தால் நான் கூப்பிடாத இருபது பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். நீ அமெரிக்காவில் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறாய், உன்னைத் திட்டிப் பயனில்லை. ஆனால் இந்தத் தொழிலே வெறுத்துவிட்டது மச்சான். நன்றாக ஓடுவதைப் பழசு என்று தூக்கிப் போடுகிறோம். அதை நம்பி யார் நிற்கிறார்கள் என்று ஒருவரும் போய்ப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் நம் புரோகிராமை விண்டோஸுக்கு மாற்றச் சொன்னார்கள். கத்தி இறங்குவதற்கு முன் மூன்று முறை பீப் அடிக்கும் ஒரு வரி அதில் இருந்தது. சோதனைக்கு மட்டும், பிறகு எடுக்கவும் என்று பக்கத்தில் நீ குறிப்பு எழுதியிருந்தாய். எட்டு வருடமாக மறந்திருக்கிறோமே என்று சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன்.

இம்மானுவேலை உனக்குத் தெரியும். முதல் நாள் நமக்கு மெஷினை ஓட்டிக் காட்டியவர். தகட்டைக் கையால் நேராக்கிக்கொண்டே இருப்பாராம், பீப் கேட்டதும் கையை எடுப்பாராம். அந்த மெஷினில் நின்ற எல்லோருக்கும் அதுதான் பழக்கம். யாரும் சொல்லித்தரவில்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை. புதிய புரோகிராம் ஓடிய முதல் ஷிஃப்டிலேயே அவருடைய வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் என் மேல் அவர் கோபப்படவில்லை. "சத்தமே வர்ல சார். எட்டு வருசமா அது கத்துனாத்தான கைய எடுத்துக்கினு இருந்தேன்" என்றார். 

கம்பெனி விசாரணையில் மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார். பாதுகாப்புக்கு என்று ஏதாவது சத்தம் வைத்திருந்தீர்களா என்றார். இல்லை என்றேன். உண்மைதானே, நாம் பாதுகாப்புக்கு வைக்கவில்லை. கையெழுத்தும் போட்டேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்து, அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த வாயோடுதான் இந்த வருடம் நோன்பு பிடிக்கிறேன்.

நேற்று நோன்பு திறக்கிற நேரத்தில் அவர் மனைவி ஷைனி வந்தார். அஃப்ஸானா கொடுத்த கஞ்சியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார். திருவள்ளூரில் வழக்குப் போட்டிருக்கிறார்களாம். முன்பு சத்தம் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்களாம். அந்த மெஷினில் நின்ற மற்றவர்கள் வேலைக்குப் பயந்து சாட்சிக்கு வரமாட்டேன் என்கிறார்களாம். "நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்ணா" என்றார். பார்க்கிறேன் என்றேன். நான் போகமாட்டேன் என்று எனக்கே தெரியும். அஃப்ஸானாவுக்கு இது ஏழாம் மாதம். இந்த வேலை போனால், டாஸ் தெரிந்தவன் என்று சென்னையில் ஒருவனும் என்னைச் சீந்தமாட்டான். ஷைனி போன பிறகு அஃப்ஸானா என்னோடு பேசவில்லை.

பழைய கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய்விட்டது. என்னிடம் இருந்த பிரதியை நானே அழித்தேன். ஆமாம், நானேதான். நீ ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒரு ஃப்ளாப்பியில் அதை எடுத்துக்கொண்டு போனாய். அது இருந்தால் அனுப்பு. அந்த வரியை எழுதியது நீ, எடுத்தது நான் என்று உன் கைப்பட எழுதிக் கூடவே வை. ஷைனியின் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும்.

என் விலாசத்துக்கு மட்டும் அனுப்பிவிடாதே மச்சான். நானே போன் செய்து வேண்டாம் என்று கெஞ்சினாலும் கேட்காதே.

அல்லாஹ் உன் கைகளைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

ஆஷிக்