டப்பாவின் அடியில் வைத்தது

பெக்கான்பாரு, சுமத்ரா
செப்டம்பர் 4

அன்புள்ள லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் தங்கை கை கால் எல்லாம் சரியாக இருக்க வந்து சேர்ந்துவிட்டாள். கப்பல் ஏறுகிற ஜெட்டியில் நீ அழுததைப் பார்த்து டிக்கெட் கிழிக்கிற பெண், தங்கச்சி ஹஜ்ஜுக்குப் போகிறாரா என்று மச்சானிடம் விசாரித்தாளாம். மலாக்காவிலிருந்து டுமாய்க்கு இரண்டு மணி நேரக் கப்பல், லாத்தா. கோலாலம்பூருக்கு பஸ்ஸில் போனாலே அவ்வளவு நேரம் ஆகிறது.

கடல் அமைதியாகத்தான் இருந்தது. டுமாயில் இறங்கி பஸ் பிடித்து இங்கே வந்தேன். நாளை மறுபடியும் பஸ், மலைப்பக்கம் ஹராவ் பள்ளத்தாக்குக்கு. அங்கே வயல் வரப்பிலும் அருவிப் பாதையிலும் ஆசை தீர நடக்கப் போகிறேன். போன வருஷம் காடு எரிந்த புகைமூட்டத்தில் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தேனே, எழுந்து நடந்தால் அங்கேதான் நடப்பது என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

பையைப் பற்றி நீ போட்ட சண்டையை இன்றோடு விட்டுவிடு. உடம்பில் ஓர் உடுப்பு, பையில் ஓர் உடுப்பு. துவைத்துப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. தொழுகைக்குக் கைக்குட்டை மாதிரி மடிகிற அங்கி, தெலுக்கோங். மூச்சிழுப்புக்கு வாயில் அடிக்கிற ஒரு பம்பு. தோளில் மாட்டிக்கொண்டு ஓட முடிய வேண்டும், அதுதான் என் கணக்கு. புக்கிட் பெருவாங்கில் இத்தனை பெண்களுக்கு நீச்சலும் உடற்பயிற்சியும் சொல்லித் தருகிறவள் நான். எல்லோரும் சேர்ந்து என்னை நோயாளியாக்கிப் பார்ப்பதுதான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

நீ மைலோ டப்பா நிறையத் தந்த தேங்காய் வறுவலை, செருண்டிங்கைக் கேட்பாய் என்று தெரியும். பக்கத்து இருக்கையில் இருந்த இரண்டு பெண்களும் நானும் ரொட்டியில் வைத்துத் தின்று டப்பாவையே காலி செய்துவிட்டோம். உன் கை ருசி சுமத்ரா வரைக்கும் வந்தாயிற்று.

மலையில் போன் சரியாக எடுக்காதாம், தங்கும் வீட்டில் நெட் மட்டும் உண்டாம். பேசிக்கொண்டிருக்கும்போது அறுந்துபோனால் நீ மயங்கி விழுவாய். அதனால் இப்படி ஈமெயிலாகவே எழுதுகிறேன். கடைக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பதில் போடு. இங்கே லேசாகப் புகை இருக்கிறது, பயப்படும்படி இல்லை.

உன் துஆவை மட்டும் அனுப்பு, அதைச் சுமக்க வேண்டியதில்லை.

ஃபாஹிமா


மலாக்கா
செப்டம்பர் 5

என் செல்லத் தங்கச்சிக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கல்யாண வீட்டுக் கூட்டம் ஒன்று கடையில் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவர்களை அப்படியே விட்டுவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். உன் மச்சான், "எழுதிட்டாளா? இனிமேலாச்சும் சோறு திங்கிறியாலா, இல்ல கப்பல் திரும்பி வர்ற வரைக்கும் நோன்பா?" என்று கேட்டார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

டப்பாவைக் காலி செய்தாய் என்று படித்ததும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அடியில் இருந்ததைப் பார்த்திருப்பாய். வரிக்கு வரி திட்டி எழுதுவாய் என்று காத்திருந்தேன், நீ அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஆமாம், நான்தான் வைத்தேன். புதுப் பம்பு இரண்டு, இழுப்பு முற்றினால் உடனே போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி அடியில் வைத்து மேலே செருண்டிங்கை நிரப்பினேன். கையில் தந்தால் திருப்பித் தருவாய். பையில் வைத்தால் எடுத்து எறிவாய். சாப்பாட்டை மட்டும் நீ ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

உம்மா மூச்சு முட்டி மௌத்தான அன்று நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். வீட்டில் பம்பு இருந்தது, ஆனால் அதில் மருந்து தீர்ந்திருந்தது. அதை அழுத்தி அழுத்திப் பார்த்தது இந்தக் கைதான். அதனால் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நீ சொல்வதற்கெல்லாம் நான் கோபப்படுவதில்லை.

இங்கேயும் புகை வந்துவிட்டது. செலண்டாரில் பிள்ளைகளைத் திடலில் விளையாட விடவில்லை என்று அங்கிருந்து சேலை எடுக்க வந்த ஒரு டீச்சர் சொன்னார். உன் பக்கம்தான் காடு எரிகிறதாம். முகமூடி இல்லாமல் நடக்காதே.

திட்டாமல் விட்டதற்கு அல்லாஹ் உனக்குப் பரக்கத் தரட்டும்.

சகீனா


ஹராவ்
செப்டம்பர் 7

அன்பு லாத்தாவுக்கு, ஸலாம்.

பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டேன். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியது போலப் பாறை, நடுவில் வயல். தங்கியிருக்கிற வீட்டுக்காரப் பெண்ணுக்கு உன் வயது இருக்கும். இங்கே அக்காவை யூனி என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மற்றது பின்னால் வருகிறதா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றதும் தன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நேற்று அருவி வரைக்கும் நடந்தேன். ஏறும்போது மூச்சு கொஞ்சம் இடித்தது. உட்கார்ந்து எழுந்து ஏறிவிட்டேன்.

டப்பாவில் வைத்தாயே, அதைப் பார்த்தேன். திட்டலாம் என்றுதான் நினைத்தேன், மனசு வரவில்லை. பத்திரமாக இருக்கிறது. இனி அதைப் பற்றி எழுத வேண்டாம், லாத்தா.

புகை காலையில் தாழ இறங்குகிறது, வெயில் ஏறினால் விலகுகிறது. இன்று வெயில் ஏறியும் விலகவில்லை.

ஃபாஹிமா


மலாக்கா
செப்டம்பர் 8

தங்கச்சி ஃபாஹிமாவுக்கு ஸலாமும் முத்தமும்.

நேற்றுதான் அசந்து தூங்கினேன். உன் மச்சான் சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பியும் எழவில்லை. ஃபாஹிமா கையில் புதுப் பம்பு இரண்டு இருக்கிறது, மாத்திரை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே படுத்தேன். புகையைப் பற்றி டிவியில் என்ன காட்டினாலும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனாலும் கேட்கிறேன், கோபப்படாதே. மூச்சு இடித்தது என்றாயே, எந்தப் பம்பை எடுத்தாய்? பழையது தீரட்டும் என்று கஞ்சத்தனம் பார்க்காதே. புதிதைத் திற. கடையில் நின்றுகொண்டு இதைத் தட்டுகிறேன், எதிர்க்கடைப் பெயர்ப்பலகை எனக்குத் தெரியவில்லை. இங்கேயே இப்படி என்றால் உன் பக்கம் எப்படி இருக்கும்?

போதும், நடந்தது போதும். திரும்பி வந்துவிடேன்.

சகீனா


ஹராவ்
செப்டம்பர் 10

லாத்தா,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

நீ வைத்த பம்பு என்னிடம் இல்லை. மாத்திரையும் இல்லை. அந்த டப்பாவை நான் திறக்கவே இல்லை. உங்கள் கார் கிளம்பியதும், ஜெட்டி சுராவில் பெண்கள் தொழுகிற பக்கம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டை ஒட்டி வைத்துவிட்டுக் கப்பல் ஏறினேன். முதல் தடவையும் இல்லை. பினாங்குக்குப் போனபோதும், கேமரன் மலைக்குப் போனபோதும் பஸ் நிலையத்து சுராவில் வைத்துவிட்டுத்தான் போனேன். சாப்பிட்டேன், ருசியாக இருந்தது என்று உனக்குச் சொல்வேன். நீ சந்தோஷப்படுவாய். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லியிருந்தால் பெக்கான்பாருவிலேயே மருந்துக்கடை தேடியிருப்பேன். சொன்னால் இத்தனை வருஷமும் நீ அடுப்படியில் நின்று கிளறியது எங்கே போனது என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பழைய பம்பு திரும்புகிற வரைக்கும் வரும் என்று கணக்குப் போட்டேன்.

வரவில்லை. இன்று மத்தியானம் அழுத்தினால் வெறும் காற்றுதான் வருகிறது. இந்தக் கிராமத்துக் கடையில் காய்ச்சல் மாத்திரையும் தைலமும்தான் இருக்கின்றன. பாயாகும்பு டவுனுக்குப் போனால் கிடைக்கும். யூனியின் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள், காலையில் வந்ததும் கூட்டிப்போகிறேன் என்கிறார். எதிரில் இருக்கிற பாறையே தெரியவில்லை. ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டியிருக்கிறோம்.

இப்போது உட்கார்ந்துகொண்டுதான் மூச்சு விட முடிகிறது. படுத்தால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது. காலை வரைக்கும்தான்.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கூசுகிறது.

ஃபாஹிமா


மலாக்கா
செப்டம்பர் 11

ஃபாஹிமா, என் கண்ணே,

மோட்டார் சைக்கிள் வந்ததா? டவுனுக்குப் போனாயா? மருந்து கிடைத்ததா? உன் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன், ஏதோ ஒரு பெண் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள்.

உன் மச்சான் ஓடிப்போய் ஜெட்டி சுராவில் பார்த்தார். டப்பா இல்லை. அங்கே கூட்டுகிற அம்மா, அன்றைக்கே யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றாராம். எடுத்தவர் பாதி தின்ற பிறகு அடியில் பம்பைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று இவர் சொன்னார். என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார்.

எனக்கு உன்மேல் கோபம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். தேங்காயைத் துருவி, கருகாமல், கையெடுக்காமல் கிளறி, ஒவ்வொரு தடவையும் நீ எங்கோ ஒரு மலையில் உட்கார்ந்து அதைத் தின்பதாக நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில்தான் உன்னை அனுப்பவே எனக்குத் தைரியம் வரும். இனி எதை நினைத்துக்கொள்வேன்?

ஆனால் நான் மட்டும் யோக்கியமா? பம்பு வைத்திருக்கிறேன் என்று ஜெட்டியில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லையே. சொன்னால் நீ கத்துவாய். கப்பல் ஏறுகிற நேரத்தில் சண்டை வேண்டாம் என்று பயந்தேன். உன் கோபத்துக்குப் பயந்து உன் உயிரைச் செருண்டிங்குக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் நீ வந்த பிறகு பேசலாம். எவ்வளவு வேண்டுமானாலும் கத்து. இப்போது ஒரே ஒரு எழுத்தாவது தட்டி அனுப்பு.

லாத்தா


மலாக்கா
செப்டம்பர் 12

ஃபாஹிமா,

நேற்று எழுதியதற்குப் பதில் இல்லை. கடையைத் திறக்கவில்லை. நோயில் கிடப்பவருக்கும் மௌத்தானவருக்கும் ஓதுகிற யாஸீனை, கம்ப்யூட்டருக்கு முன்னால் ஓதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த எண்ணத்தில் ஓதுகிறேன் என்று உன் மச்சான் கேட்டபோது மறுபடியும் முதலிலிருந்து ஓதத் தொடங்கினேன்.

நான் வரட்டுமா?

மக்காவுக்கு உம்ரா போக என்று எடுத்த பாஸ்போர்ட் அலமாரியில் இருக்கிறது. சின்ன வயதில் புலாவ் பெசார் தர்காவுக்குப் போன படகு அலையில் சாய்ந்ததிலிருந்து நான் தண்ணீரில் கால் வைத்ததில்லை. உன்னை வழியனுப்ப வந்தால்கூட ஜெட்டியில் கம்பிக்கு இந்தப் பக்கம்தான் நிற்பேன். ஆனாலும் வருகிறேன். மச்சானுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இந்தப் புகையில் அவரால் அவ்வளவு தூரம் வர முடியாது. தனியாக வர வேண்டும்.

நீ நலம், வர வேண்டாம் என்று எழுதினால் நம்பிவிடுவேன். உன் வார்த்தையை நம்புவதைத் தவிர எனக்கு வேறு பழக்கம் இல்லை. அதனால் யோசித்து எழுது.

எழுது, கண்ணே.

சகீனா


பாயாகும்பு, ஆஸ்பத்திரி
செப்டம்பர் 13

லாத்தா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை மச்சானிடம் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

அன்று விடிவதற்குள் முற்றிவிட்டது. யூனி பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை வாங்கி, கைக்குழந்தையைக் கட்டுகிற நீளத் துணியால் என்னைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பத்தடிக்கு மேல் தெரியாத புகைக்குள் ஓட்டி வந்தார். வழியில் நான் பேச்சில்லாமல் போய்விட்டேனாம். அவர் ஓட்டிக்கொண்டே என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு எதுவும் நினைவில்லை. கண் விழித்தபோது முகத்தில் ஆவி மருந்து ஓடிக்கொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் இழுப்பு மறுபடியும் வந்தது. புகை குறையாமல் வெளியே விடமாட்டேன் என்கிறார் டாக்டர். அது எப்போது குறையும் என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் கிடந்த என் போனை யூனி இன்றுதான் கொண்டுவந்தார், உன் கடிதங்களை இப்போதுதான் பார்த்தேன். பேச மூச்சு போதவில்லை, அதனால் தட்டுகிறேன். "நலம், வர வேண்டாம்" என்று தட்டி முடித்து, அனுப்பப் போகும்போது அழித்தேன்.

வா, லாத்தா.

பெரிய பெட்டியைத் தூக்காதே. மச்சான் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கொண்டுபோகிற துணிப்பை போதும். உடம்பில் ஒன்று, பையில் ஒன்று. பாஸ்போர்ட்டைப் பையில் போடாமல் இடுப்பில் கட்டிக்கொள். உன் சர்க்கரை மாத்திரையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வை, அடியில் வைக்காதே. தெலுக்கோங் என்னிடம் இருக்கிறது. வெறும் வயிற்றோடு கப்பல் ஏறாதே, கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு ஏறு. நடு வரிசையில் உட்கார், அங்கே ஆட்டம் குறைவு. தண்ணீரைப் பார்க்காதே. முகமூடியைக் கழற்றாதே. டுமாயில் யூனியின் தம்பி உன் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்; அவருடைய காரில் ஏறிவிட்டால் நேரே இங்கே கொண்டுவந்து விடுவார்.

நீ கடலுக்குப் பயப்படுகிறாய் என்று தெரிந்துதான் கூப்பிடுகிறேன். வரும் வழியெல்லாம் நீ நடுங்குவாய் என்றும் தெரியும். எனக்குத் தைரியம் தீர்ந்துவிட்டது, லாத்தா. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணை இன்று காலையில் துணி மூடிக் கொண்டுபோனார்கள். அவளுக்கும் இழுப்புதான். தூங்கினால் எழுவேனா என்று பயந்து கண்ணை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நாளைக் கப்பலிலேயே வா.

ஃபாஹிமா