கண்ணம்பாடி நிரம்பவில்லை

1994 ஜூலை 6, புதன்

ஒரு வழியாக ஹாலுக்குப் பெயிண்ட் அடித்து முடித்தாயிற்று. இளமஞ்சள். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்கிறார் இவர். இவருக்கு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை ஜீவிதாவைப் பெண் பார்க்க பெங்களூரிலிருந்து மைசூருக்கு வருகிறார்கள். மகளுக்கு அமைந்திருக்கும் முதல் நல்ல இடம். திரைச்சீலை இன்னும் வாங்கவில்லை. மழை விட்டபாடில்லை.

ஜூலை 7, வியாழன்

காலையில் தேவராஜ மார்க்கெட். லிங்கம்மா கடையில் நஞ்சன்கூடு வாழைப்பழம் இல்லை. "ஹொளெ பந்தைதம்மா" என்றாள், ஆற்றில் வெள்ளமாம். கபினி அணையைத் திறந்துவிட்டார்களாம், நஞ்சன்கூட்டில் ஆறு படித்துறையை மூடிவிட்டதாம், லாரி வரவில்லை. வேறு பழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் பூவாத்தாள் அக்கா போன் செய்தாள். கொள்ளேகாலம் பக்கம் காவிரிக்கரையில்தான் அவர்களுடைய தோட்டமும் வீடும். மழைக்காலம் வந்துவிட்டால் எஸ்.டி.டி. பூத் வரை நடந்து வந்து என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"கண்ணம்பாடி எத்தனை அடி அம்மிணி?"

கே.ஆர்.எஸ். அணைக்கு அங்கே இன்னமும் கண்ணம்பாடி என்றுதான் பெயர். பேப்பரில் தினமும் போடும் நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்வேன். நிரம்பப் போகிறது என்றால் அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இன்றைக்கும் பார்த்துச் சொன்னேன், நிரம்ப இன்னும் நிறைய இருக்கிறது என்று.

"ஆத்துல தண்ணி கலங்கலா வருது அம்மிணி. பட்டுப்புழு கூடு கட்டற சமயம் வேற. எதுக்கும் தட்டெல்லாம் வேன்ல ஏத்திட்டு உன்ற வூட்டுக்கு வந்தரட்டுமா?"

முந்தைய வெள்ளத்தில் அப்படித்தான் வந்தார்கள். ஹால் முழுக்கப் புழுத் தட்டு. தாளிக்கக் கூடாது, ஊதுபத்தி கூடாது, கொசுவர்த்தி கூடாது, புழுவுக்கு வாசனை ஆகாது. பொழுதன்னைக்கும் தழையைக் கடிக்கிற சத்தம். இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது வேண்டாமே என்று இருந்தது.

"கண்ணம்பாடிதான் நிரம்பலியே அக்கா. இந்த மழையில புழுவை எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்றேன்.

"அப்பச் சரி அம்மிணி" என்று வைத்துவிட்டாள்.

கபினியைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 8, வெள்ளி

திரைச்சீலை வாங்கினேன். பச்சை.

ஜூலை 9, சனி

பேப்பரில் போட்டிருக்கிறது. கபினியில் வெள்ளம், கொள்ளேகாலம் பக்கம் கரையோர ஊர்களுக்குள் தண்ணீர். பூத்துக்குப் போன் போகவே இல்லை.

"கபினி நரசீபுரத்துல காவிரியில சேருது, அதுக்குக் கீழேதானே உங்க அக்கா ஊர்? இதுகூடவா தெரியாது உனக்கு?" என்கிறார் இவர். தெரியாது என்று தலையாட்டினேன். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான்! எனக்கா தெரியாது?

ஜூலை 10, ஞாயிறு

வந்தார்கள். கேசரி நன்றாக இருந்தது என்றார்கள், ஹால் வெளிச்சமாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே போன். அக்காவின் பக்கத்துத் தோட்டத்துத் தொட்டையன். விடிகாலையில் அக்கா வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாமா தட்டுகளை எடுக்கப் புழு வளர்க்கிற மனைக்குள் போனபோது மண்சுவர் இடிந்து இடுப்பில் விழுந்துவிட்டதாம். மைசூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறார்களாம்.

போனை வைத்துவிட்டுக் காபி கொடுத்தேன். எல்லோருக்கும். சிரித்துக்கொண்டே. நான் என்ன பிறவி?

ஜூலை 11, திங்கள்

ஆஸ்பத்திரி. உயிருக்குப் பயமில்லை, முன்போல நடப்பது சிரமம் என்கிறார் டாக்டர். வீடு போய்விட்டது. புழு ஒன்றுகூட மிச்சமில்லை. வேலாயுதம் மாமா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்க்கிறார்.

"அழுவாதே அம்மிணி. கபினி இப்படி வரும்னு யாரு கண்டா? நீ என்ன பண்ணுவே?"

திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்காவை வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் போகச் சொன்னேன். "மாமாவுக்குத் தண்ணி குடுக்க ஆளு வேணுமே" என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே படுத்துக்கொள்கிறாள். இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான்.

ஜூலை 15, வெள்ளி

சொல்லிவிட்டேன். வராந்தாவில் வைத்து. "அக்கா, கபினியைத் தொறந்தது அன்னிக்குக் காலையிலயே எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல."

மாமாவின் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து, உதறி, கம்பியில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"நாங்க வரது உனக்கு இஷ்டமில்லைன்னு அப்பவே தெரிஞ்சுது அம்மிணி. உன்ற கொரலு எனக்குத் தெரியாதா? வேண்டாம்னு சொல்லியிருந்தா வேற எங்கியாச்சும் போயிருப்போம். தண்ணி வராதுன்னல்ல சொன்னே."

கே.ஆர்.எஸ். நிரம்பவில்லை என்றுதானே சொன்னேன் என்று வாய் வரை வந்தது. இப்பவும் தப்பிக்கப் பாக்கறியேடி! அடக்கிக்கொண்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

பெங்களூரிலிருந்து போன். சம்மதமாம். ஜீவிதா முகத்தில் வெட்கமும் சிரிப்பும். சந்தோஷப்படக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 20, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். மாமா ஊன்றுகோலோடு மேடையேறி அட்சதை போட்டார். அக்கா முறை எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தாள். எல்லோரும் மெச்சினார்கள். மண்டபத்திலிருந்து அப்படியே பஸ் ஸ்டாண்டு போய்விட்டார்கள், வீட்டுக்கு வரவில்லை.

1995 ஜூலை 18, செவ்வாய்

இப்போதெல்லாம் இரண்டு அணையையும் பார்க்கிறேன். ரேடியோவிலும் கேட்கிறேன். அக்காவும் மாமாவும் அதே இடத்தில் மறுபடி வீடு கட்டிப் புழு வளர்க்கிறார்கள். நேற்றிலிருந்து கபினி திறந்திருக்கிறது. பூத்துக்காரரிடம் நேற்றே இரண்டு தடவை சொல்லிவிட்டேன்: அக்காவிடம் சொல்லுங்கள், புழு, தட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு உடனே இங்கே வரச் சொல்லுங்கள். சோபாவை மொட்டை மாடி அறைக்கு ஏற்றிவிட்டோம். இவரும் ஒரு பக்கம் பிடித்தார். ஹால் முழுக்கக் கழுவித் துடைத்து வைத்தேன். வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன்.

சாயங்காலம் தொட்டையன் போன். எல்லோரும் பத்திரம், நேற்றே கிளம்பிவிட்டார்களாம். அக்காவின் ஓரகத்தி ரங்கம்மா வீட்டுக்கு, ஹனூருக்கு. பாகப்பிரிவினைச் சண்டையில், செத்தாலும் உன்ற வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று ஊர் கேட்க அக்கா சொல்லிவிட்டு வந்த வீடு அது.

"எனக்குச் சொல்லிடச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க பாத்துட்டு இருப்பீங்களேன்னு நானாத்தான் போன் போட்டனுங்க."